ஐந்து கட்டைக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு

ருக்மிணி பழைய இயர்போன் ஒன்றின் கம்பியை நடுவில் வெட்டி, அதன் தோலைக் காய்கறிக் கத்தியால் உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே தலைமுடியைவிட மெல்லிய இழைகள் இருந்தன. சிவப்பை ஒரு பக்கமும் செம்பு நிறத்தை இன்னொரு பக்கமும் பிரித்து முறுக்கினாள். இழைமேல் பூசியிருக்கும் மெருகு போனால்தான் மின்சாரம் ஓடும் என்று கரோல் பாக்கிலிருக்கும் டெக்னீஷியனிடமிருந்து உத்தரவு வந்திருந்ததால், நகவெட்டியிலிருந்த சின்ன அரத்தை எடுத்துத் தேய்த்தாள்.

"பல்லை வைக்காதே" என்றேன். அடுத்து அதைத்தான் செய்வாள்.

"நான் என்ன எலியா?" என்றாள். கம்பியை வாயருகில் கொண்டுபோன கை பாதியில் நின்றது.

சாப்பாட்டு மேஜையின் மறுபக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. டிபன் கேரியரைப் படுக்கவைத்த அளவு. முகத்தில் சிவப்பு எண்களுக்கான கண்ணாடி, அதன் கீழே ஒரு வரிசைப் பொத்தான்கள், ஒரு திருகு, கேபிள் செருக இரண்டு வாய்கள். அதுதான் ஃப்ரீக்வென்சி கவுண்டர். ஒரு ஒலியோ மின் அலையோ நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று எண்ணிச் சொல்லும். வேறு எதுவும் தெரியாது அதற்கு.

இந்தப் பெண் ஒரு அரசாங்க ஆராய்ச்சிக் கூடத்தின் ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். மன்னார்குடியிலிருந்து இருபத்தெட்டு வயதில் தில்லிக்கு வந்து, கருவிகளைச் சீட்டுக்குக் கொடுப்பதும் சீட்டுக்குத் திரும்ப வாங்குவதுமாக இருந்து ஓய்வு பெற்றாள். எந்தக் கருவிக்கு எந்த எண், எது எந்த அலமாரி, எதற்கு எந்தத் தேதியில் மறுசோதனை என்பதெல்லாம் மனப்பாடம். ஃப்ரீக்வென்சி கவுண்டர் மட்டும் பதினான்கு இருந்தனவாம். அவற்றில் ஒன்றைக்கூட அவள் சுவிட்ச் போட்டுப் பார்த்ததில்லை. "என் வேலை கொடுக்கறது. போடறது டெக்னீஷியன் வேலை" என்பாள். கணவர் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. மகன் கௌதமன் புனேயில் இருக்கிறான். இவள் முனிர்காவில் இரண்டாவது மாடியில் இருக்கிறாள், நான் அதே படிக்கட்டில் தரைத் தளத்தில். நான் அரசு மருத்துவமனையில் முப்பத்தாறு வருடம் சிஸ்டராக இருந்தவள். அதனால் இந்தப் பிளாக்கில் எனக்குப் பெயர் கிடையாது, எல்லாருக்கும் சிஸ்டர்தான்.

ருக்மிணிக்கு ஆபீஸ் தவிர இருந்த ஒரே விஷயம் மார்கழி பஜனை. இருபத்திரண்டு வருடமாக மார்கழி முப்பது நாளும் காலை ஆறு மணிக்கு எங்கள் சமூகக் கூடத்தில் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து பாடுகிறார்கள். முதல் அடியை எடுத்துக் கொடுப்பது ருக்மிணி. வெளியே பனிமூட்டத்தில் எதிர் பிளாக் தெரியாது, உள்ளே இவள் குரல் கணீரென்று இருக்கும். எனக்குப் பாட்டு வராது. ஹீட்டர் போடுவதும் வயதானவர்களுக்கு நாற்காலி போடுவதும் என் பங்கு.

இந்த வருடம் கார்த்திகையில் ஒத்திகை தொடங்கியதும் தகராறு வந்தது. ருக்மிணி சுருதிப் பெட்டியைப் போட்டாள், காதைச் சாய்த்துக் கேட்டாள், "பெட்டி இறங்கிப்போச்சு" என்றாள். பழைய மின்சாரப் பெட்டி அது. எண்கள் காட்டும் புது மாதிரி இல்லை, திருகைத் திருகிக் காதால் சேர்க்க வேண்டும். அவள் திருகை மேலே ஏற்றி, "இப்பதான் அஞ்சு கட்டை" என்று ஆரம்பித்தாள். கட்டை கூடக் கூடக் குரலும் மேலே ஏற வேண்டும். மேல் ஸ்தாயி வந்ததும் பதினைந்து பேரும் மூச்சுத் திணறினார்கள். ருக்மிணியின் குரலும் அங்கே உடைந்தது. அடுத்த நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் கோபிச்செட்டிபாளையத்து அருக்காணி வாயைத் திறந்தாள். இவள் சத்தமாகப் பாடுவாள், அதைவிடச் சத்தமாகப் பேசுவாள்.

"ஏனுங்க்கா, இன்னிக்கு எந்த மாடியில பாடறோமுங்க? ரெண்டாவதா, மொட்டை மாடியா?"

"அஞ்சு கட்டைதான். வழக்கமா பாடறதுதான்."

"அஞ்சுன்னா எனக்குத் தொண்டை கிழியாதுங்க்கா. பெட்டிய எறக்கோணும், இல்லைன்னா ஆள மாத்தோணும்."

ஆளை மாற்ற வேண்டும் என்ற பேச்சு அன்றுதான் முதலில் வந்தது. ருக்மிணி பெட்டியை எடுத்து மூடினாள். வீட்டுக்கு வந்து, "எனக்கு மேல போகவே மாட்டேங்குது சிஸ்டர். அஞ்சு கட்டையே எட்டலைன்னா எதுக்கு முன்னாடி உக்காரணும்? மார்கழிக்கு அருக்காணியே எடுத்துக் கொடுக்கட்டும்" என்றாள். இருபத்திரண்டு வருட இடத்தை ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் கொடுத்துவிட்டாள். ஆனால் அன்றிரவு அவள் சாப்பிடவில்லை என்று மறுநாள் பாத்திரம் தேய்க்கிற பெண் சொன்னாள்.

அருக்காணி கெட்டவள் இல்லை. மறுநாள் தன் மொபைலில் சுருதி காட்டும் ஆப் ஒன்றை இறக்கி, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஐந்தரைக் கட்டை என்று காட்டியது.

"பாத்தீங்ளா? அரைக் கட்டை மேல நிக்குதுங்க."

ருக்மிணி மொபைலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்குக் காலிபரேஷன் சர்டிபிகேட் எங்க?"

"போனுக்கா?"

"கடைசியா எப்ப சரிபார்த்தாங்க, யார் கையெழுத்து, அடுத்த தேதி என்ன? அது இல்லாத கருவி சொல்றதை நான் ரிஜிஸ்டர்ல ஏத்த மாட்டேன்."

"நீங்க ரிட்டையர் ஆகி ஆறு வருசமாச்சுங்க்கா" என்றாள் அருக்காணி.

வேறு யாராக இருந்தாலும் விஷயம் அங்கே முடிந்திருக்கும். ருக்மிணிக்கு முடியவில்லை. சோதிக்கப்பட்ட கருவி ஒன்று பெட்டி சரியில்லை என்று சொல்லிவிட்டால், குரல் சரியாகத்தான் இருக்கிறது என்று ஆகும். அவளுடன் வேலை பார்த்த டெக்னீஷியன் சுப்பையா கரோல் பாக்கில் ஒரு மாடியறையில் கருவிகளைப் பழுது பார்த்துச் சோதித்துக் கொடுக்கிறார். அவருக்குப் போன் போட்டாள். வியாழக்கிழமை காலை இருவரும் மெட்ரோவில் போனோம்.

சுப்பையா திருநெல்வேலிக்காரர். வெற்றிலை வாய்.

"முப்பது வருசம் எனக்குக் கொடுத்திய மேடம், நான் ஒருநா கொடுக்க மாட்டனா? எடுத்துட்டுப் போங்க."

"சீட்டு எழுதுங்க."

"நமக்குள்ள என்ன சீட்டு?"

"மூணு காப்பி" என்றாள் ருக்மிணி.

கருவியின் பக்கவாட்டில் போன மாதத் தேதியும் கையெழுத்தும் போட்ட ஸ்டிக்கர் இருந்தது. அதை இருமுறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். ஐந்து கட்டைக்கு எத்தனை என்று கேட்டதற்கு, சுப்பையா ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டு, நொடிக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு என்று எழுதினார். ஐந்தரைக்கு ஏறக்குறைய இருநூற்றெட்டு.

"எதை வச்சு?"

"ஆறு கட்டைக்கு நாநூத்தி நாப்பதுல பாதி, மேடம். அதுக்கு உலகத் தரமே இருக்குல்லா, ஐஎஸ்ஓ பதினாறு."

ஐஎஸ்ஓ எண் ஒன்று இருக்கிறது என்றதும் அவள் முகம் தெளிந்தது. சில பெண்களுக்கு மல்லிகைப்பூ, இவளுக்கு இது.

திரும்பும்போது மெட்ரோ சோதனையில் பையைத் திறக்கச் சொன்னார்கள். காவலர் சின்னப் பெண். "அம்மாஜி, யே க்யா ஹை?" என்றாள். ருக்மிணி தன் ஆபீஸ் ஹிந்தியில், இது எண்ணுகிற மெஷின் என்றாள். எதை எண்ணும் என்று அந்தப் பெண் கேட்டாள். "ஆவாஸ்" என்றாள் ருக்மிணி. சத்தத்தை யாராவது எண்ணுவார்களா என்பதுபோல அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு மூன்று காப்பிச் சீட்டில் ஒன்றை ருக்மிணி நீட்டவும், "அச்சா, சலோ" என்று விட்டுவிட்டாள்.

அன்று பகல்தான் அந்த இயர்போன் கம்பி வேலை. சுருதிப் பெட்டியில் இயர்போன் செருகும் துளையில் ஒரு முனை, கவுண்டரின் கேபிளிலிருந்த இரண்டு கிளிப்புகளில் மறுமுனை. சுவிட்ச் போட்டோம். எண்கள் எரிந்தன. எல்லாம் பூஜ்யம்.

சுப்பையாவைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் வைத்தோம்.

"எந்த வாயில செருகியிருக்கிய?"

"வலது பக்கம் இருக்கறதுல."

"அது ரேடியோ மாதிரி ரொம்ப வேகமா அதிர்றதுக்கு. இடது பக்கம், ஏ-ன்னு போட்டிருக்கும். அதுல செருகுங்க. அப்புறம் அரை மணி நேரம் சும்மா விடுங்க, உள்ள சூடு ஏறணும்."

"அரை மணியா?"

"மேடம், எழுந்ததும் ஓட முடியுமா உங்களால?"

அரை மணி நேரத்தில் நான் கீழே போய் மோர்க்குழம்பை இறக்கிவிட்டு வந்தேன். இப்போது எண்கள் ஓடின. முந்நூறு, நூற்றுத் தொண்ணூறு, ஐந்நூறு, ஒரு நொடிகூட நிற்கவில்லை. ருக்மிணி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "பெட்டிதான் கெட்டுப்போச்சு. பாருங்க, நிக்கவே இல்லை" என்றாள். குரலில் சந்தோஷம்.

"பெட்டில எத்தனை சுரம் ஓடுது?" என்றார் மறுபடி போனில் வந்த சுப்பையா.

"ச, ப, மேல் ச. மூணும்."

"மூணு பேர் ஒரே சமயத்துல பேசினா அது யாரை எண்ணும்? மத்த ரெண்டையும் அமத்துங்க."

பஞ்சமத்தையும் மேல் ஷட்ஜத்தையும் அடக்கினாள். எண் நின்றது. நானூற்றுப் பதினாறு.

எனக்கு அது பழக்கமான தவறு. சில காய்ச்சல்காரர்களுக்கு நாடி ஒரு துடிப்புக்கு இரண்டாகத் தட்டும். புதிதாக வந்த நர்ஸ் இரண்டையும் எண்ணி நூற்றறுபது என்று எழுதிவைப்பாள், டாக்டர் அலறியடித்து ஓடி வருவார். "இரட்டிப்பா எண்ணுது" என்றேன்.

"சிஸ்டர் சரியாச் சொல்லுதாவ" என்றார் சுப்பையா. "ட்ரிக்கர் லெவல்னு ஒரு திருகு இருக்கும். எந்த உயரத்துல போற அலையை எண்ணணும்னு அதுதான் தீர்மானிக்கும். மெல்லத் திருகுங்க. பெட்டி சத்தத்தையும் கொஞ்சம் குறைங்க."

திருகினாள். நானூற்றுப் பதினாறு ஒரு கணம் தடுமாறி, இருநூற்றெட்டு ஆயிற்று. எண்ணும் நேரத்தை ஒரு நொடியிலிருந்து பத்து நொடிக்கு மாற்றச் சொன்னார். கால் நிமிடம் நாடி எண்ணி நாலால் பெருக்குவதற்கும் முழு நிமிடம் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். பத்து நொடி காத்திருந்தோம். 207.9.

ருக்மிணி துண்டுக் காகிதத்தைப் பார்த்தாள், எண்ணைப் பார்த்தாள். அவள் காதால் ஐந்து கட்டை என்று சேர்த்து வைத்திருந்த பெட்டி, ஐந்தரையில் நின்றது. அருக்காணியின் போன் சொன்னதேதான்.

பெட்டியின் திருகைக் கீழே இறக்கினாள். பத்துப் பத்து நொடியாகக் காத்திருந்து 196.0 வந்ததும் கம்பியைப் பிடுங்கி, பெட்டியை வாய்விட்டு ஓடவிட்டாள். கேட்டாள்.

"இது நாலரை" என்றாள்.

அப்போதுதான் அருக்காணி கறிவேப்பிலை கேட்டு வந்தாள். எதற்கு வந்தாள் என்று எல்லாருக்கும் தெரியும். நான் அவள் மொபைலில் போன வருட மார்கழிப் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. ருக்மிணியின் குரல் கூடத்தில் ஒலித்தது. கூடவே சுருதியும். இப்போது மேஜைமேல் 196-ல் ஓடிக்கொண்டிருந்த பெட்டியோடு அப்படியே ஒட்டி நின்றது.

"போன வருஷமே அரைக் கட்டை கீழயா பாடியிருக்கோம்?" என்றாள் ருக்மிணி.

"இல்லைங்க்கா" என்றாள் அருக்காணி. இந்த முறை மெதுவாக. "அதே அஞ்சுதானுங்க."

ருக்மிணி சுருதிப் பெட்டியின் உறையைத் தேடி எடுத்து, பெட்டியை அதில் போட்டு, நாடாவை முடிந்து அருக்காணி பக்கம் தள்ளினாள். "குரல் போகலை. காது போயிருக்கு. இது இனிமே உன்கிட்ட இருக்கட்டும்."

அருக்காணி அதைத் தொடவில்லை. "நான் கறிவேப்பிலைக்குத்தான் வந்தேனுங்க" என்றாள்.

காது போனால் கேட்காது. எல்லாம் ஒரே அளவாக இறங்கிக் கேட்பது வேறு விஷயம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு வார்டில் கேட்பது போலக் கேட்டேன்.

"எப்பலேர்ந்து?"

"கார்த்திகை பிறந்ததிலேர்ந்து."

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடி புதுசா என்ன ஆரம்பிச்சே?"

"ஒண்ணுமில்லை."

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். "கன்னத்து வலிக்கு?"

"அது மாத்திரை. அது நல்லாத்தானே இருக்கு."

ஐப்பசியில் அவளுக்கு வலது கன்னத்தில் மின்னல் வெட்டுவது போல வலி வந்தது. பல் துலக்கினால் வலி, காற்றுப் பட்டால் வலி. நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனவள் நானேதான். கார்பமசெபைன் கொடுத்தார்கள், இரண்டு வாரம் கழித்து அளவைக் கூட்டினார்கள். வலி நின்றது, நானும் அதை மறந்தேன். மறந்திருக்கக் கூடாது. வெகு நாளைக்கு முன் என் வார்டில் ஒரு வயலின்காரருக்கு வலிப்புக்கு இதே மாத்திரை கொடுத்தபோது, ஆஸ்பத்திரி மணியின் சுருதிகூட இறங்கிவிட்டது என்று புகார் சொன்னார். மனநல டாக்டரைக் கூப்பிடலாமா என்று யோசித்தோம். பிறகு பெரிய டாக்டர் வந்து புத்தகத்தைப் புரட்டி, மாத்திரைதான் காரணம் என்றார்.

கீழே மருந்துக் கடைக்குப் போய், "பையா, இந்த மாத்திரை டப்பாவுக்குள்ள மடிச்சு வச்சிருப்பாங்களே, அந்தக் காகிதம்" என்று ஹிந்தியில் கேட்டு வாங்கி வந்தேன். எறும்பு எழுத்து. பூதக்கண்ணாடி வைத்துத் தேடி, காது சம்பந்தமான வரியில் விரலை வைத்தேன். மிக மிக அரிதாக, ஒலியின் உயரம் மாறிக் கேட்கலாம். மாத்திரையை மாற்றினால் சரியாகிவிடும் என்று அந்த வயலின்காரரை வைத்து எனக்குத் தெரியும்.

ருக்மிணி அந்த வரியை மூன்று தடவை படித்தாள். அச்சடித்த காகிதம், கம்பெனி முகவரி, பதிப்புத் தேதி. அவளுக்கு இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம்.

"அப்ப பெட்டி இறங்கிப்போச்சுன்னு நான் சொன்னது சரியா?"

"தப்பு. ஆனா காரணம் மாத்திரை."

"இன்னிக்கே நிறுத்திடறேன்."

"தொட்டா கையை ஒடிப்பேன். அதைத் திடீர்னு நிறுத்தக் கூடாது. நாளைக்கு நரம்பு டாக்டருக்கு ஓபிடி இருக்கு, அவர் சொல்லட்டும்."

"செவ்வாய்க்கிழமை மார்கழி பிறக்குது சிஸ்டர். அதுக்குள்ள காது திரும்புமா?"

"தெரியாது. திரும்பலைன்னா என்ன? நம்பரை வச்சுப் பாடு. நோயாளி சுகமா இருக்கேன்னு சொன்னதுக்காக நான் தெர்மாமீட்டர் வைக்காம விட்டதில்லை."

"காதுக்கு நாலரைன்னு கேக்கும். அதை அஞ்சுன்னு நெனச்சுப் பாடணுமா?"

"ரிஜிஸ்டர்ல அஞ்சுன்னு இருக்கில்லைங்க்கா?" என்றாள் அருக்காணி. "அப்பறம் என்னங்க. எனக்கு அடியெல்லாம் மறந்துபோகும். முன்னால உக்காந்து நான் முழிக்கறதுக்கா?"

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி ஒத்திகைக்கு ருக்மிணி கவுண்டரையும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஐந்தரை மணிக்கே வந்து சூடேற்றியும் வைத்துவிட்டாள். பதினைந்து பேரும் போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்க, கம்பியைச் செருகி, ச மட்டும் வைத்து, பத்துப் பத்து நொடியாகக் காத்து 196.0 ஆக்கினாள். திருகு நின்ற இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தாள், மறுபடி ஒருமுறை அளந்தாள். பிறகு பஞ்சமத்தைத் திறந்துவிட்டு உட்கார்ந்தாள்.

முதல் அடியை எடுக்கும்போது முகத்தைச் சுளித்தாள். உப்பில்லாத சாதத்தை விழுங்குகிற முகம். ஆனால் பெட்டியை விடவில்லை, பெட்டியும் அவளை விடவில்லை. மேல் ஸ்தாயி வந்தது. குரல் அங்கே ஏறி, நின்று, பத்திரமாக இறங்கியது. பின்வரிசையில் யாரும் மூச்சுத் திணறவில்லை. அருக்காணி போர்வையை உதறி மடித்துக்கொண்டே, "செவ்வாக்கெழமை எத்தன மணிக்கு வரோணும்னு சொல்லுங்க்கா" என்றாள்.

"அஞ்சே முக்காலுக்கு" என்றாள் ருக்மிணி.

எட்டு மணிக்கு ஆட்டோ பிடித்து இருவரும் ஓபிடிக்குப் போனோம். டோக்கன் நாற்பத்தொன்று. டாக்டருக்குக் காட்ட ருக்மிணி ஒரு தாளில் இரண்டு எண்களையும், அளந்த தேதியையும், கருவியின் சோதனைத் தேதியையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள். டாக்டர் அதைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி படித்தார். பிறகு பழைய மாத்திரையைப் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து, வேறொன்றைத் தொடங்குவதற்கு எழுதிக் கொடுத்தார்.